மாத்திரை அட்டையின் பின்பக்கம்

போன மாதம் விருதுநகரில் ஒரு காதுகுத்து. பந்தியில் சித்தப்பாவுக்குப் பக்கத்து இலை எனக்கு. இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். சாப்பாட்டுக்கு முன்னால் போடும் சுகர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். டப்பாவில் இன்னும் ஒன்று இருந்தது. கருஞ்சிவப்பில், எண்ணெய் தடவினாற்போல் மினுங்கும் கேப்ஸ்யூல். பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன். “இது கண்ணு நரம்புக்கு தாயி. சுகரு கண்ணைப் பிடிக்கும்னு சொல்றாங்கல்ல, அதான் ரெண்டு வருசமா ஒருநாள் விடாம போட்டுக்கிட்டு வர்றேன்” என்றார். அவருக்குச் சுகர் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. “சொட்டு மருந்து ஊத்திக் கண்ணைப் பாத்தீங்களா சித்தப்பா?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மண்டபத்தின் அந்தக் கோடியில் கட்டியிருந்த ஃபிளெக்ஸைக் காட்டி, அதில் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்த தாய்மாமன்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு பெயர்கூடத் தப்பவில்லை. “கண்ணு நல்லாத்தான் இருக்கு, அப்புறம் எதுக்கு?” என்றார். அதற்குள் கூட்டு வந்துவிட்டது. யாரோ வந்து அவர் தோளைத் தொட்டுப் பேச ஆரம்பித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாமல் வந்துவிட்டேனே என்பது ஒரு மாதமாக உறுத்துகிறது. பந்தியில் வைத்துச் சொல்லக்கூடிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதே கேப்ஸ்யூலை மூன்று வருடத்துக்கு மேல் என் கையால் அம்மாவுக்குக் கொடுத்தவள் நான். சித்தப்பா சொன்ன அதே வாக்கியத்தை அம்மாவும் ஒரு டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கோணிய புள்ளிகள்

அம்மாவுக்கு அந்த மாத்திரை வந்தது 2019-இல். சுகருக்குப் பார்க்கும் டாக்டரிடம் மாதாந்திர மாத்திரை வாங்கப் போனபோது, கண் கொஞ்சம் அசதியாக இருக்கிறது, சாயங்காலமானால் மங்குகிறது என்று சொல்லியிருக்கிறாள். அவர் சீட்டின் கடைசியில் இந்த கேப்ஸ்யூலையும் எழுதினார். கண் டாக்டரிடமும் ஒருமுறை காட்டச் சொன்னாராம். அந்த இரண்டாவது வாக்கியம் அம்மா வீட்டுக்கு வருவதற்குள் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. மாத்திரை மட்டும் வந்து சேர்ந்தது. பத்து கேப்ஸ்யூல் கொண்ட ஓர் அட்டை இருநூறு ரூபாய்க்கு மேல். சுகர் மாத்திரை முழுவதையும் சேர்த்தால்கூட அந்த மாதச் செலவு வராது. விலையைப் பார்த்து எங்களுக்கு ஒரு நம்பிக்கை வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இவ்வளவு விலை கொடுத்து வாங்குவது வேலை செய்யாமலா இருக்கும்?

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அதை எடுத்துக் கொடுப்பது என் வேலையாக ஆனது. அம்மா கையை நீட்டுவாள், நான் அட்டையை அழுத்தி உள்ளங்கையில் விழவைப்பேன். அப்புறம் கொரோனா வந்தது. ஆஸ்பத்திரி என்றாலே ஆள் பயந்து நடுங்கிய காலம் அது. சுகர் டெஸ்டே தள்ளிப்போனது. ஆனால் கண் மாத்திரையை நாங்கள் ஒருநாளும் விடவில்லை. ஊரடங்கில் மருந்துக் கடையில் வரிசையில் நின்று வாங்கி வந்திருக்கிறேன். அம்மாவின் கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்போது மனதார நம்பினேன்.

2022 மார்கழி. அம்மா வாசலில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். பதினைந்து புள்ளி, நேர்ப்புள்ளி. கைப்பழக்கத்தில் நூல் பிடித்தாற்போல் வைப்பவள். அன்றைக்கு நாலாவது வரிசையில் நிறுத்திவிட்டுத் தரையைக் கையால் தடவினாள். “சிமெண்டு இங்க பள்ளமாயிருச்சு போல. புள்ளி கோணுது பாரு” என்றாள். போய்ப் பார்த்தேன். தரையில் பள்ளம் எதுவும் இல்லை. புள்ளிகள்தான் இரண்டு இடத்தில் விலகியிருந்தன. அவள் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தாள். அப்புறம் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மறுபடி வலது கண்ணை மூடினாள். “இந்தக் கண்ணுல பாத்தா கோடு வளையுது” என்று மெதுவாகச் சொன்னாள். கோலப்பொடி அவள் விரலில் இருந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. அந்த முகம் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது.

அடுத்த வாரம் மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே போனவர்களுக்கு அந்தக் கூடம் தெரியும். சொட்டு மருந்து ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சால் துடைத்தபடி வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பெண் வந்து கண் பாப்பா விரிந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். விரியவில்லை என்றால் இன்னொரு சொட்டு. சுகர் உள்ளவர்களுக்கு விரிய நேரமாகும் என்றார் அந்தப் பெண். எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அந்தச் சோதனைக்கு அன்று நாங்கள் கட்டிய தொகை ஒரு மாத்திரை அட்டையின் விலைகூட இல்லை.

விழித்திரை டாக்டர் நடுவயதுக்காரர். தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, மேலே பாருங்க, கீழே பாருங்க, என் காதைப் பாருங்க என்று இரண்டு கண்ணையும் பார்த்தார். படம் எடுக்க அனுப்பினார். திரையில் அம்மாவின் விழித்திரை வந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், அதில் மரக்கிளைபோல் ரத்தக் குழாய்கள். அந்த வட்டமெங்கும் குண்டூசியால் குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள். நடுப்பகுதியை ஒட்டி, மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாகத் திட்டுகள், வளையமாக. கசிந்த ரத்தத்தின் கொழுப்பு அங்கே படிந்திருக்கிறது என்றார். ஸ்கேனில் இடது கண்ணின் நடுப்பகுதி தட்டையாக இல்லாமல் மேடாக வீங்கியிருந்தது. கோடு வளைந்ததற்கு அந்த மேடுதான் காரணம். வலது கண்ணில் புதிதாக மெலிந்த குழாய்கள் முளைக்க ஆரம்பித்திருந்தன. அவை உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டிவிடும் என்றார்.

“இதுக்கு முன்னாடி எப்பம்மா கண்ணுக்குள்ள பாத்தாங்க?” என்று கேட்டார். அம்மா பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து அந்த அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “பாக்கல சார். ஆனா நரம்பு மாத்திரை விடாம போடுறேன்” என்றாள். அதில் ஒரு பெருமை இருந்தது. ஒழுங்காக வீட்டுப்பாடம் எழுதிவந்த பிள்ளை நோட்டை நீட்டுவதுபோல் நீட்டினாள். டாக்டர் அட்டையைக் கையில் எடுத்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், திரும்ப அதே இடத்தில் வைத்தார். அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தினமும் இப்படி எத்தனை அட்டைகள் அந்த மேஜைக்கு வருகின்றனவோ. “ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, இடது கண்ணுக்கு ஊசி, வலது கண்ணுக்கு லேசர் என்று எழுதத் தொடங்கினார்.

பத்தும் இரண்டும்

அன்று ராத்திரி அம்மா தூங்கிய பிறகு அந்த அட்டையின் பின்பக்கத்தை முதல்முறையாக வாசித்தேன். வெள்ளிக் காகிதத்தில் கடுகளவு எழுத்து, அலைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. லூட்டின் 10 மி.கி., சியாசாந்தின் 2 மி.கி., வைட்டமின் சி, வைட்டமின் ஈ, துத்தநாகம், தாமிரம், செலினியம். முதல் இரண்டும் கீரையில் இருக்கும் மஞ்சள் நிறமிகள். சர்க்கரை என்றோ விழித்திரை என்றோ ஒரு சொல் இல்லை. அந்தப் பத்தும் இரண்டும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனதில்தான் இந்தக் கதையின் முக்கால்வாசி எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவின் தேசியக் கண் நிலையம் ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2001-இல் முடிவை வெளியிட்டது. ஏ.ஆர்.இ.டி.எஸ். என்று பெயர். வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகும் ஒரு நோய் உண்டு. அது ஓரளவு முற்றியவர்களுக்கு வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், தாமிரம் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து வருடத்தில் நோய் கடைசிக் கட்டத்துக்குப் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 25 சதவீதம் குறைந்தது. உண்மையான, நல்ல கண்டுபிடிப்பு அது. 2013-இல் வந்த இரண்டாவது ஆய்வுக்குப் பிறகு பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் லூட்டின் 10 மி.கி., சியாசாந்தின் 2 மி.கி. வைத்தார்கள். என் கையிலிருந்த அட்டையின் பத்தும் இரண்டும் அவைதான். ஆனால் அது மூப்பினால் வரும் தேய்மானத்துக்குப் பார்த்த ஆய்வு. சர்க்கரையால் ரத்தக் குழாய் கெட்டு, கசிந்து, வீங்கும் நோய் வேறு. இரண்டும் விழித்திரையில் வருகின்றன, அவ்வளவுதான் சொந்தம். ஒரு நோய்க்குச் சரியாக அளந்து வைத்த அளவு, ‘கண்ணுக்கு நல்லது’ என்ற ஒற்றைச் சொல்லில் ஏறி எல்லாக் கண் நோய்க்கும் வந்துவிட்டது. எங்கள் ஊரில் விழித்திரையைத் தனியாகச் சொல்ல யாரிடமும் வார்த்தை இல்லை, எல்லாமே ‘நரம்பு’தான். நரம்புக்கு மாத்திரை என்றால் நரம்புக்கு மாத்திரை.

இதனால் சர்க்கரையால் கெடும் கண்ணுக்கு இப்படி மாத்திரை கொடுக்கும் யோசனையே மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் கோபத்தில் அப்படித்தான் நினைத்தேன். படிக்கப் படிக்க அந்தக் கோபம் போய்விட்டது. இதற்கு அடியில் இருக்கும் அறிவியல் பலமானது. உடம்பில் எடைக்கு எடை பார்த்தால் ஆக்சிஜனை மிக அதிகமாகச் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால், அங்குள்ள செல்களுக்குள் சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் போகிறது. செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அளவுக்கு மீறி எரித்து, செல்லையே கெடுக்கும் ஃப்ரீ ராடிக்கல்களைக் கக்குகிறது. சர்க்கரை நோயில் குழாய்களைக் கெடுக்கும் நாலு வெவ்வேறு வழிகளுக்கும் இந்த ஒரே இடம்தான் தொடக்கம் என்று மைக்கேல் பிரௌன்லீ 2001-இல் எழுதினார். அது இந்தத் துறையையே திருப்பிப்போட்ட கட்டுரை. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் ரேணு கௌலுரு என்ற ஆராய்ச்சியாளர் பல வருடங்களாகச் சர்க்கரை உண்டாக்கிய எலிகளில் இதைப் பார்த்துவருகிறார். அந்த ராடிக்கல்களைத் தணிக்கும் பொருளை ஆன்டிஆக்சிடன்ட் என்பார்கள், அட்டையில் இருந்த வைட்டமின் சி, ஈ எல்லாம் அந்த வகைதான். லிப்போயிக் அமிலம் போன்ற ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்த எலிகளின் விழித்திரைக் குழாய்கள் கெட்டுப்போவது குறைந்தது. இன்னொரு விஷயமும் தெரிந்தது. கொஞ்ச காலம் சர்க்கரையை ஏறவிட்டு அப்புறம் கட்டுக்குள் கொண்டுவந்தாலும், பழைய கேடு உடனே நிற்பதில்லை. திசு அந்தக் கெட்ட காலத்தை நினைவில் வைத்திருக்கிறது. அப்படியானால் சர்க்கரையை மட்டும் குறைத்தால் போதாது, உள்ளே எரிவதையும் அணைக்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது?

தோன்றியதைச் சோதித்தும் பார்த்தார்கள். எலிக்குப் பலித்த அதே லிப்போயிக் அமிலத்தை, தினம் 600 மி.கி. வீதம், இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 467 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து ஒரு பிரிவுக்கு இரண்டு வருடம் கொடுத்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. விழித்திரையின் நடுப்பகுதி வீங்குவதை, அதாவது என் அம்மாவுக்கு வந்த அதே வீக்கத்தை, அது தடுக்கவில்லை. லூட்டின், சியாசாந்தின், இன்னும் பல சேர்ந்த ஒரு கலவையை 67 பேரிடம் ஆறு மாதம் பார்த்த ஆய்வும் உண்டு. நிறம் பிரித்தறிவது, மங்கிய எழுத்தை வாசிப்பது போன்றவை மேம்பட்டன. அதை நான் ஒதுக்க மாட்டேன், நல்ல செய்திதான். ஆனால் 67 பேர், ஆறு மாதம். விழித்திரை கெடுவதற்கு வருடங்கள் ஆகும். ஊசி வேண்டியிராது, லேசர் தள்ளிப்போகும், பார்வை போகாது என்று காட்டும் பெரிய ஆய்வு எதுவும் இந்த மாத்திரைகளுக்குப் பின்னால் இல்லை.

ஏன் பலிக்கவில்லை என்று யோசித்தால் எனக்கு அடுப்படிதான் நினைவுக்கு வருகிறது. பால் பொங்கும்போது கொஞ்சம் தண்ணீர் தெளிப்போம், அடங்கும். தீ அப்படியே எரிந்தால் எவ்வளவு நேரம் தெளித்துக்கொண்டிருப்பது? மைட்டோகாண்ட்ரியாவுக்குள் உண்டாகும் ஒன்றைத் தணிக்க, வாயில் போடும் வைட்டமின் குடல் தாண்டி, ஈரல் தாண்டி, ரத்தத்துக்கும் விழித்திரைக்கும் நடுவில் இருக்கும் அரணைத் தாண்டிப் போக வேண்டும். அதிலும் வைட்டமின் சி-க்கு ஒரு சங்கடம் உண்டு. அதன் ஒரு வடிவம் அந்த அரணைத் தாண்டுவது சர்க்கரை போகும் அதே வாசல் வழியாகத்தான். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் வாசலில் நெரிசல், வைட்டமின் பின்னால் நிற்கிறது. எலிச் சோதனையில் பெரும்பாலும் சர்க்கரை வந்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். நாம் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, கண் மங்கிய பிறகு தொடங்குகிறோம்.

‘நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் முழுக்கச் சரி என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வருவதில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. நுரையீரல் புற்றைத் தடுக்கும் என்று நம்பி பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டவர்களுக்குப் புற்று 18 சதவீதம் கூடுதலாக வந்தது. கண் மாத்திரையிலிருந்து பீட்டா கரோட்டினை எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சித்தப்பா முப்பது வருடம் பீடி குடித்தவர், நிறுத்தி நாலைந்து வருடம்தான் ஆகிறது. அவர் டப்பாவில் இருந்த கேப்ஸ்யூலின் அட்டையை யார் திருப்பிப் பார்த்தார்கள்?

கையில் விழும் மாத்திரை

இத்தனை படித்தும் எனக்குள் அடங்காத கேள்வி வேறு. மாத்திரை வேலை செய்யாது என்பது ஒரு தகவல், அவ்வளவுதான். அதை நாங்கள் ஏன் அப்படிப் பற்றிக்கொண்டோம்? எனக்குத் தோன்றுவது இதுதான். கண்ணைக் காட்டப் போவது என்றால் லீவு போட வேண்டும். மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். அரைநாள் உட்கார வேண்டும். கண் கூசிக்கொண்டே திரும்பி வர வேண்டும். எல்லாம் முடிந்து ‘ஒன்றும் இல்லை, அடுத்த வருடம் வாங்க’ என்று சொன்னால், வீணாகப் போய் வந்ததாகத் தோன்றும். மாத்திரை அப்படி இல்லை. தினமும் ராத்திரி அம்மாவின் உள்ளங்கையில் விழும். அவளுக்காக நான் ஒன்று செய்கிறேன் என்பது என் விரலுக்குத் தெரியும். தன் கண்ணுக்காகத் தானும் ஒன்று செய்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் திருப்தி பொய்யில்லை. ஆனால் சோதனைக்குப் போக வேண்டும் என்ற உறுத்தலை அது ஒவ்வொரு ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டது. மாத்திரை இல்லாதிருந்தால் 2020-க்குள் நான் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். இதை நான் உறுதியாக நம்புகிறேன். அந்த கேப்ஸ்யூலில் இருந்த லூட்டின் அம்மாவை ஒன்றும் செய்யவில்லை. அது உட்கார்ந்துகொண்ட இடம்தான் எங்களுக்குக் கேடு செய்தது.

இந்த நோயின் சூதும் அதற்குத் துணைபோகிறது. வலிக்காது. சிவக்காது. நடுப்பகுதியைத் தொடும்வரை பார்வை குறையாது. ஃபிளெக்ஸில் கடைசி வரியை வாசிக்கிற கண்ணுக்குள்ளும் குழாய்கள் கசிந்துகொண்டிருக்கலாம். சென்னையில் நடந்து 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. இந்தியாவில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள் என்று 2023-இல் கணக்கு வந்தது. இரண்டையும் சேர்த்து யோசித்தால் மனம் பதறுகிறது. எத்தனை பேர் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கருஞ்சிவப்பு கேப்ஸ்யூல் உள்ளங்கையில் விழுகிறதோ.

பலன் நிரூபணமானவை எவை என்றால், அவற்றில் எதுவும் கண்ணுக்கு என்று தனியாக விற்கும் மாத்திரை கிடையாது. முதல் வகைச் சர்க்கரை உள்ள 1,441 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்திய ஆய்வு 1993-இல் வந்தது. விழித்திரைப் பாதிப்பு இல்லாதவர்கள் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுக்குள் வைத்தபோது, பாதிப்பு புதிதாக வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. எந்த வைட்டமினும் இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இரண்டாம் வகைக்காரர்களில் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தாலே விழித்திரைப் பாதிப்பு முற்றுவது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 1998-இல் பிரிட்டனில் பார்த்தார்கள். பிரஷர் மாத்திரை அம்மாவின் கண்ணுக்கும் மருந்து என்று எனக்கு அதுவரை தெரியாது. அதை அவள் அவ்வப்போது விட்டுவிடுவாள், நானும் கண்டுகொள்ள மாட்டேன், கண் மாத்திரையை மட்டும் விட மாட்டோம். ஃபெனோஃபைப்ரேட் என்று கொழுப்புக்குக் கொடுக்கும் பழைய மாத்திரை ஒன்று இருக்கிறது. ஆரம்ப நிலையில் விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்து ஸ்காட்லாந்தில் பார்த்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. நோய் முற்றுவது 27 சதவீதம் குறைந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் நேராக மருந்துக் கடைக்குப் போய்விட வேண்டாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அதைக் கொடுப்பார்கள், டாக்டரிடம் கேட்க வேண்டிய விஷயம். சரி, லேசரும் ஊசியும் இருக்கவே இருக்கின்றன. புதுக் குழாய் முளைத்த கண்ணுக்கு லேசர் பார்வையைக் காப்பாற்றுகிறது என்பது 1976-இலேயே தெரிந்துவிட்டது.

கீரையைப் பற்றி யாராவது கேட்பார்கள். அம்மாவே கேட்டாள். பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் பகலிலேயே நட்சத்திரம் தெரியும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். கீரையில் லூட்டின் இருக்கிறது. எண்ணெய் விட்டுத் தாளித்துச் சாப்பிட்டால் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பொன்னாங்கண்ணியோ முருங்கைக்கீரையோ வைத்தால் சர்க்கரையும் சட்டென்று ஏறாது. எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் நாலு நாள் கீரை. மாத்திரைக்குப் போன காசில் பாதிகூட ஆகவில்லை.

அம்மாவுக்கு இடது கண்ணில் இதுவரை ஏழு ஊசி. முதல் ஊசிக்கு உள்ளே போனபோது என் கையை விடவே இல்லை. இப்போது தானாகவே போய்ப் படுத்துக்கொள்கிறாள். வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. நடுவில் லேசாக ஒரு புகை இருப்பதாகச் சொல்கிறாள். வலது கண் லேசருக்குப் பிறகு அப்படியே நிற்கிறது, ராத்திரியில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.8-இல் இருந்து 7.2-க்கு வந்திருக்கிறது. பதினைந்து புள்ளிக் கோலம் போடுவதை விட்டுவிட்டாள். ஏழு புள்ளி வைக்கிறாள்.

இதை எழுத ஆரம்பித்தது போன வாரம். பாதி எழுதியதும் நிறுத்திவிட்டேன். எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று பாக்கி இருந்தது. நேற்று சாயங்காலம் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். மாத்திரையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் கோலப்புள்ளியிலிருந்து ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் அவள் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்ததையும் சொன்னேன். இதை இதுவரை நான் உறவில் யாரிடமும் சொன்னதில்லை. அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பின்னால் டிவி சத்தம் மட்டும் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. “மதினி சொல்லவே இல்லையே” என்றார். வியாழக்கிழமை எனக்கு லீவு, காலையிலேயே வந்துவிடுங்கள், நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன் என்றேன். சரி என்றார். வைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“வெறும் வயித்துல வரணுமா தாயி?”

“வேண்டாம் சித்தப்பா, சாப்பிட்டுட்டே வாங்க. பிரஷர் மாத்திரையும் போட்டுட்டு வாங்க. வண்டியில மட்டும் வராதீங்க, திரும்பும்போது கண்ணு கூசும். பஸ்ல வாங்க.”